கரமனை: படித்துறையும் குழாயும்

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெரு வழியாகச் சென்று, கிள்ளியாற்றின் மேலுள்ள கிள்ளிப்பாலத்தைத் தாண்டி, நாகர்கோவிலை நோக்கித் தென்கிழக்கே திரும்பும் பெருவழியில் அமைந்திருப்பது கரமனை. கரையில் நிற்கும் மனை என்று தமிழ்க் காதுக்கு உடனே பொருள்படும் இந்தப் பெயரையே அவ்வூரைத் தொட்டு ஓடும் ஆறும் தாங்கியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அகத்தியர் மலையைச் சூழ்ந்த காடுகளில் பிறக்கும் கரமனையாறு பேப்பாறை, அருவிக்கரை ஆகிய இடங்களைக் கடந்து நகரத்தின் கிழக்கு விளிம்பைத் தொட்டு, திருவல்லத்தின் அருகே கிள்ளியாற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு, கோவளத்துக்குச் சற்று வடக்கே அரபிக்கடலில் கலக்கிறது. அதன் மொத்த நீளம் 68 கிலோமீட்டர். காவிரியையும் தாமிரபரணியையும் அறிந்தவர்களுக்கு இது ஒரு சிற்றாறாகவே தோன்றலாம். ஆயினும் கரமனையில் ஒருவர் எப்போது எழுந்தார், எங்கே குளித்தார், எதைக் குடித்தார், எந்தத் தெருவில் நடக்க உரிமை பெற்றார் என்பனவற்றையெல்லாம் இந்தச் சிற்றாறே நெடுங்காலம் முடிவு செய்தது. ஆகவே அவ்வூரின் நல்வாழ்வுக்கு ஒரு வரலாறு எழுதப்படுமானால், அது முதன்மையாக நீரின் வரலாறாகவே இருக்க முடியும்.

கரமனையின் பழைய குடியிருப்பு, சத்தியவாகீசுவரர் கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரமாகும். அக்கிரகாரம் என்பது கோயிலை ஒட்டி, ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்ளும்படி வரிசையாகக் கட்டப்பட்ட பிராமணர் தெருவைக் குறிக்கும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று வாசலில் நின்றால் பின்கட்டு வரை நேர்கோட்டில் தெரியும் இந்த வீட்டமைப்பு தமிழ்நாட்டு ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வந்தது. தனித்தனித் தோப்புகளின் நடுவே தனித்தனி வீடுகளாகப் பரந்து வாழும் கேரள வழக்கத்துக்கு இது முற்றிலும் அயலானது. 1750 ஆம் ஆண்டு ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தம் திருவிதாங்கூர் நாட்டைப் பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக்கிய பிறகும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தர்மராஜா எனப் பெயர்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராம வர்மாவின் ஆட்சியில் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும், கோயில் பணிக்கும் அரசுக் கணக்குக்கும் வேதம் ஓதுவதற்கும் தமிழ் பேசும் பிராமணர்கள் இங்கே குடிபெயர்ந்தனர். ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாட்கள் வேதம் ஓதி நடத்தப்படும் முறஜபம் போன்ற பெருஞ்சடங்குகள் அவர்களை மேலும் ஈர்த்தன. அவர்களோடு, நாஞ்சில் நாட்டு வேளாளர், செட்டிமார், நெசவாளர், வண்டிக்காரர் முதலான பலரும் இதே பெருவழியில் வந்து சேர்ந்தவர்கள் என்பதை மறந்துவிடலாகாது. அக்கிரகாரத்தை மட்டுமே கரமனைத் தமிழரின் வரலாறாகக் கொள்ளும் பழக்கம் அவ்வளவு நியாயமானதன்று.

ஆற்றங்கரையை ஒட்டி ஊர் அமைந்தமைக்கு முதற்காரணம் குளியல். விடியற்காலையில் ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈரத் துணியோடு கோயிலுக்குச் சென்று, அதன் பின்னரே அடுப்பு மூட்டும் வழக்கம் சமயக் கடமையாகச் சொல்லப்பட்டாலும், வெப்பமும் ஈரமும் ஓயாத ஒரு நாட்டில் அது உடல் நலத்துக்கான ஏற்பாடாகவும் இருந்தது. குளியலுக்குரிய பொருள்கள் யாவும் கைக்கெட்டும் தூரத்தில் விளைந்தன. தேங்காய் எண்ணெயைத் தலைக்கும் உடலுக்கும் தேய்த்து ஊறவிட்ட பின், செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பான சாற்றைத் தலையில் தேய்ப்பர். இதற்கு இந்நாட்டு வழக்கில் தாளி என்று பெயர். உடலைத் தேய்க்க, இஞ்சை என்று இங்கு அழைக்கப்படும் முட்கொடியின் பட்டையைக் கல்லில் தட்டி நசுக்கி நாராக்கி வைத்திருப்பர். நீர் பட்டதும் சோப்பைப் போல மெல்ல நுரைக்கும் அந்த நார், எண்ணெயை நீக்குவதோடு தோலின் அழுக்கையும் உரித்தெடுக்கும். குளித்த பின் துடைத்துக்கொள்வதற்கு, துவர்த்து என்று இப்பகுதித் தமிழிலும் மலையாளத்திலும் ஒருசேர வழங்கும் மெல்லிய நூல் துண்டு போதும். தடித்த துண்டைவிட அது விரைவாக நீரை உறிஞ்சும், மழைக்காலத்திலும் விரைவாக உலரும்; ஆண்டில் இரண்டு பருவமழைகளைக் காணும் ஊரில் இந்தச் சிறிய வசதியின் அருமை பெரிது.

அந்தத் துவர்த்தின் ஊடும் பாவும் கூட இதே பெருவழியின் வரலாற்றில் கலந்தவை. கரமனைக்குத் தெற்கே இதே சாலையில் உள்ள பாலராமபுரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மாவின் ஆட்சியில் திவான் உம்மிணித் தம்பி தென்தமிழ்நாட்டிலிருந்து சாலிய நெசவாளர்களை அழைத்துவந்து குடியமர்த்திய ஊராகும். கேரளத்தின் அடையாளமாக இன்று உலகம் அறிந்திருக்கும் கசவுக்கரை வேட்டியிலும் முண்டிலும் தமிழ் நெசவாளர் கைத்திறன் கலந்திருப்பதைக் கரமனைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆற்று நீர் எப்போதும் தெளிந்து ஓடியதில்லை. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசியில் துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையும் வலுக்கும்போது, மலையின் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஆறு கலங்கி வரும். கலங்கல் நீரைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்துவது தமிழர் நெடுங்காலமாக அறிந்த முறையாகும். குடத்தின் உட்புறச் சுவரில் கொட்டையை நன்றாக இழைத்து நீரை ஊற்றி வைத்தால், சில மணி நேரத்தில் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிந்துவிடும். இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையையே அந்தக் கொட்டையிலுள்ள பொருள்கள் செய்கின்றன. குடிக்கவும் சமைக்கவும் பெரும்பாலும் கிணற்று நீரே உதவியது. திறந்த கிணறுகள் மிக அடர்ந்துள்ள மாநிலமாகக் கேரளம் அறியப்படுகிறது. கிணறு வெட்டி முடிந்ததும் அதன் அடியில் நெல்லி மரத்துச் சட்டத்தைப் பதித்து, நீர் கலங்காமலும் துவர்ப்பு நீங்கிச் சுவையாகவும் இருக்கச் செய்வது இங்குள்ள வழக்கம். நீர் இறைப்பதற்கும் செலவு வைக்காத ஒரு வழி இருந்தது. கமுக மரத்திலிருந்து உதிரும் பாளையை நீரில் ஊறவைத்து, இரு முனைகளையும் மடக்கி, நடுவே ஒரு குச்சியைக் கோத்துக் கயிற்றால் கட்டினால் வாளி ஆயிற்று. கிணற்றுச் சுவரில் மோதினாலும் ஓசை எழுப்பாத, தவறி விழுந்தாலும் மிதக்கும் இந்தப் பாளை வாளி, இரும்பு வாளி வந்த பின்னும் பல காலம் வழக்கில் நீடித்தது.

குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கும் வழக்கமே இந்நாட்டு வாழ்வில் வெளியூரார் முதலில் கவனிப்பது. உணவுக் கடையில் இலை போடுவதற்கு முன்பே இளஞ்சூடான, நிறமுள்ள நீர் மேசைக்கு வந்துவிடும். சீரகம் இட்டுக் காய்ச்சிய நீர் மங்கிய மஞ்சள் நிறத்திலும், பதிமுகம் எனப்படும் மரத்தின் சீவல் இட்ட நீர் இளஞ்சிவப்பிலும் இருக்கும். பதிமுகம் என்பது முற்காலத்தில் துணிக்குச் சாயமேற்றவும் பயன்பட்ட மரமாகும். அதே சாயப்பொருள்தான் நீரையும் சிவக்கச் செய்கிறது. சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சும் வீடுகளும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மருத்துவ குணம் கற்பிக்கப்பட்டாலும், உண்மையில் உயிர்களைக் காத்தது அடுப்பின் நெருப்பு. நீரைக் கொதிக்கவிட ஒரு காரணம் வேண்டியிருந்தது; சீரகமும் பதிமுகமும் அந்தக் காரணத்தை அளித்தன. நிறம் ஏறிய நீரைக் கண்டவுடன் அது கொதித்த நீர் என்று விருந்தினருக்கும் தெரிந்துவிடும் என்பது இதன் கூடுதல் பயன். காலரா நீரின் வழியே பரவும் என்று லண்டனில் ஜான் ஸ்நோ 1854 ஆம் ஆண்டில் ஒரு தெருக்குழாயைச் சான்றாக்கி வாதிட்டதும், கல்கத்தாவின் நீரில் காலரா நுண்ணுயிரை ராபர்ட் காக் 1884 ஆம் ஆண்டில் கண்டுகாட்டியதும் அறிவியலின் பெரிய வெற்றிகள். நுண்ணுயிரின் பெயர் அறியாமலேயே அதை அடுப்பில் வென்ற அடுக்களைப் பெண்களின் பழக்கத்துக்கு அந்த வரலாற்றில் ஓர் இடம் தரப்பட வேண்டும்.

இத்தகைய நல்வாழ்வு எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா என்றால், கிடைக்கவில்லை என்றே விடை சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் கோயில் குளமும் கோயிலைச் சுற்றிய தெருவும் தாழ்த்தப்பட்டோருக்கு மூடப்பட்டிருந்தன. அரசுப் பணத்தில் கட்டப்பட்ட பொதுச்சாலைகளில் கூட அவர்கள் நடமாட முடியவில்லை. வழிப்போக்கரான பிராமணருக்கு இலவசமாக உணவிட்ட ஊட்டுப்புரைகளும் அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. கரமனைக்குத் தெற்கே வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893 ஆம் ஆண்டில் வில்லுவண்டி ஏறிப் பொதுச்சாலையில் சென்று இந்தத் தடையை உடைத்தார். தலைப்பாகை அணிந்து வண்டியில் அமர்ந்து போகும் உரிமைக்காக, பாலராமபுரத்துச் சாலியர் தெரு உட்படப் பல இடங்களில் அடிதடியைச் சந்திக்க வேண்டியிருந்தது. 1936 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா வெளியிட்ட ஆலயப் பிரவேச அறிக்கையே அரசுக் கோயில்களின் வாசலை இந்துக்கள் அனைவருக்கும் திறந்தது. அதுவரை, நாள்தோறும் இருமுறை குளித்துத் தூய்மையைப் போற்றிய ஒரு சமூகம், தன் தூய்மைக்கு உழைத்த மக்களுக்கே படித்துறையை மறுத்து வந்தது என்பது கரமனை வரலாற்றின் நெஞ்சைச் சுடும் பகுதி.

ஆறு, வழியை மறித்த தடையாகவும் இருந்தது. நாஞ்சில் நாட்டு நெல்லும் காய்கறியும் தலைநகருக்கு வரவேண்டுமானால் கரமனையாற்றைக் கடந்தாக வேண்டும். தர்மராஜாவின் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தபோது, சரக்கு வண்டிகள் தடையின்றி வந்து சேர்வதற்காகக் கரமனையாற்றுக்கும் கிள்ளியாற்றுக்கும் பாலம் அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. அதன் பின், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பொறியாளர் ஹோர்ஸ்லியின் வடிவமைப்பில் கட்டப்பட்ட பாலம் 1853 ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. பேருந்தும் சரக்குந்தும் பெருகியபின் சாலை பல முறை அகலப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆனால் ஆற்றைக் கடக்கும் இடம் பெரிதும் மாறவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை தெய்வங்களும் இந்த வழியே ஆற்றைக் கடக்கின்றன. தலைநகரம் மாறிய பிறகும் நவராத்திரி விழா பழைய தலைநகரின் தெய்வங்கள் இன்றி நடக்கக் கூடாது என்று கருதப்பட்டமையால், பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றனர். சரஸ்வதி யானை மேலும், நங்கை பல்லக்கிலும் வர, அரசரின் உடைவாள் முன்னே செல்லும். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி வரும் இந்த ஊர்வலம் நகரத்துக்குள் நுழையும் வாயில் கரமனையாகும். அங்கே குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் ஏற்றப்பட, ஊர்வலம் கோட்டையை நோக்கி நகரும். வீட்டு வாசல்களில் கோலமிட்டு, விளக்கேற்றி, காய்கனித் தட்டோடு தெய்வங்களை எதிர்கொள்வது இவ்வழியில் வாழ்வோர் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் உரிமை. 1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பத்மநாபபுரமும் சுசீந்திரமும் தமிழ்நாட்டில் சேர்ந்தன. கரமனை கேரளத்தில் நின்றது. ஆயினும் களியக்காவிளை எல்லையில் இரு மாநிலத்துக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்ய, தெய்வங்கள் இன்றும் அதே வழியில் வந்து திரும்புகின்றன. ஓர் எல்லைக்கோட்டை இவ்வளவு இயல்பாகக் கடக்கும் வழக்கம் இந்தியாவில் அரிது.

ஆற்றங்கரை விடியலுக்கு இசையும் ஒரு பகுதியாக இருந்தது. 1839 முதல் 1900 வரை வாழ்ந்த நீலகண்ட சிவன், நாஞ்சில் நாட்டில் பிறந்து பத்மநாபபுரத்தில் வளர்ந்து பின்னர் கரமனையில் வாழ்ந்த பாடலாசிரியராவார். சிவனையே பொருளாக வைத்துத் தமிழில் அவர் இயற்றிய கீர்த்தனைகள் பூர்வி கல்யாணி, முகாரி, கரகரப்பிரியா முதலிய இராகங்களில் இன்றும் கச்சேரி மேடைகளில் ஒலிக்கின்றன. தந்தையை இழந்து, தாயோடும் தமையனோடும் சிறுவனாகத் திருவனந்தபுரத்துக்கு வந்த பாபநாசம் சிவன் அவருடைய பாடல்களில் தோய்ந்தே தம் வழியைக் கண்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறுவன் ஒருவன் தமிழ்ப் பக்திப் பாடலின் சுவையை மலையாள நாட்டின் பஜனை மடங்களில் கற்றுக்கொண்டு திரும்பினான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், பூசையில் வடமொழி என்று மூன்று மொழிகளில் நாளைக் கழித்த தெருவுக்குப் பாட்டில் தமிழே நெருக்கமாக இருந்தது.

இந்த வாழ்வை அடியோடு மாற்றியது ஒரு குழாய். பெருகிவரும் நகருக்குக் கிணறும் குளமும் ஆறும் போதா என்றும், நோய் தடுக்க வடிகட்டிய நீர் வேண்டும் என்றும் திருவிதாங்கூர் அரசு கருதியது. அருவிக்கரையில் கரமனையாற்றைத் தடுத்து, நீரைச் சுத்திகரித்து, குழாய் வழியே நகரத்துக்குக் கொண்டுவரும் திட்டம் உருவாயிற்று. அன்றைய வைஸ்ராய் வில்லிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கி 1933 ஆம் ஆண்டில் அது திறந்துவைக்கப்பட்டது. மேலும் நீர் தேவைப்பட்டபோது, அருவிக்கரைக்கு மேலே பேப்பாறையில் ஓர் அணை எழுந்து 1983 ஆம் ஆண்டு முதல் நீரைத் தேக்கி வருகிறது. அதே ஆண்டில் அணையைச் சூழ்ந்த 53 சதுர கிலோமீட்டர் காடு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நகரத்தின் குடிநீர் காட்டின் நிழலிலிருந்து வருகிறது என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதைக் கொள்ளலாம்.

குழாய் செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது பெரும் பிழை. குடம் சுமந்த பெண்களின் இடுப்புக்கும் கழுத்துக்கும் அது விடுதலை தந்தது. பேதியால் சாகும் குழந்தைகளைக் காத்தது. சாதி பார்த்துப் படித்துறையை மறுத்தவர்கள் கூட, ஒரே குழாயின் நீர் எல்லாத் தெருவுக்கும் போவதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அதனோடு சேர்ந்து ஒரு மறதியும் வந்தது. கரமனை வீட்டின் அடுக்களைக் குழாயில் வருவது கரமனையாற்றின் நீரே. மேலே அருவிக்கரையில் எடுக்கப்பட்டு, நிலத்துக்கடியில் குழாயில் ஓடி வந்து, அதே ஆற்றின் கரையிலுள்ள வீட்டில் திறக்கப்படுகிறது. நீர் வீட்டுக்குள் வந்துவிட்டதால், வீடு ஆற்றுக்கு முதுகைக் காட்டியது. முன்பு ஆற்றை நோக்கி இறங்கிய கொல்லைப்புறம், கழிவு இறங்கும் இடமாயிற்று. கட்டடங்கள் பெருகப் பெருக ஆற்று மணல் அள்ளப்பட்டது. படுகை தாழத் தாழ, கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கியது. ஆற்றங்கரைகளைக் காக்கவும் மணல் அள்ளுவதை ஒழுங்குபடுத்தவும் 2001 ஆம் ஆண்டில் கேரளம் ஒரு தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நாட்டின் மாசுபட்ட ஆற்றுப்பகுதிகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018 ஆம் ஆண்டில் பட்டியலிட்டபோது, கேரளத்தில் இருபத்தொரு பகுதிகள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் மிக மோசமானது என்று முதல்நிலையில் வைக்கப்பட்டது திருவல்லம் வரையிலான கரமனையாற்றின் கீழ்ப்பகுதி. இந்த அளவீட்டுக்கு அடிப்படை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பதாகும். நீரில் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் சிதைப்பதற்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அது காட்டும். ஒரு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள் இருந்தால் குளிக்கத்தக்க நீர் என்றும், 30 மில்லிகிராமைத் தாண்டினால் முதல்நிலை மாசு என்றும் வாரியம் வகுத்திருக்கிறது. ஆடி அமாவாசையன்று திருவல்லம் பரசுராமர் கோயிலுக்கு முன்னோர்க்குப் பலியிட வரும் ஆயிரக்கணக்கான மக்கள் இந்த ஆற்றங்கரையில்தான் நிற்கிறார்கள். ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்ற ஆற்றில் முழுகி எழுந்த அக்கிரகாரத்துத் தலைமுறையின் பேரர்கள், இன்று வீட்டுக் குளியலறையிலேயே அச்சடங்கை முடித்துக்கொள்வதில் வியப்பில்லை.

மீட்பு இயலாதது அன்று. நகரின் கழிவுநீருக்காக முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கக்கூடிய நிலையம் 2013 ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. ஆனால் ஆற்றங்கரை வீடுகளும் கடைகளும் அந்த நிலையத்தின் குழாய்களோடு இணைக்கப்படாத வரை அதன் கொள்ளளவால் ஆற்றுக்குப் பயனில்லை. படித்துறைகளைப் பளிங்குக் கல்லால் அழகுபடுத்தும் திட்டங்களுக்கு முன்பாக, கரமனை முதல் திருவல்லம் வரை ஒவ்வொரு வீட்டின் கழிவுக் குழாயும் எங்கே போய் முடிகிறது என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். மாநகராட்சிக்கும் நீர் ஆணையத்துக்கும் கரையில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள கடமை அது. காலையில் குழாயைத் திறந்து சீரகம் போட்டுக் கொதிக்கவைக்கும் நீர் எந்த ஆற்றினுடையது என்பதைக் கரமனைக் குடும்பங்கள் தங்கள் குழந்தைகளுக்குச் சொல்லி, விடுமுறையில் ஒரு நாள் அருவிக்கரைக்கு அழைத்துப்போய் அந்த நீரைக் காட்டட்டும்.